பெட்டிக்கு மேலே ஒரு வரி

பெயர், ஊர், வயது என்று எழுதிவிட்டு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளி வைப்போம் அல்லவா, அந்தப் புள்ளிகளெல்லாம் மேலிருந்து கீழ்வரை ஒரே கோட்டில் நின்றால்தான் காவேரிக்கு நிம்மதி. பாப்பாரப்பட்டியில் தட்டச்சுப் பயிற்சி நிலையத்துக்குப் போன காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. மெஷினில் எந்த இடத்தில் நிறுத்துவது என்று முன்கூட்டியே கணக்குப் பண்ணி வைத்துக்கொண்டால், சொல் நீளமோ குட்டையோ, புள்ளி தன் இடத்தைவிட்டு நகராது. அடித்து முடித்த தாளை உருவிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். ஹையர் தேர்வில் அவள் முதல் வகுப்பில் தேறினாள். அந்தச் செய்தியை அவளுடைய அப்பா தக்காளி மண்டியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

பி.காம். முடித்த கையோடு கல்யாணம். மொரப்பூருக்கு வந்தாள். கணவன் மாதவராஜ் சின்னதாக ஒரு லோடு வண்டி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். மரவள்ளி, மஞ்சள், வீட்டுச் சாமான் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவான். வேலைக்குப் போகிறேன் என்று காவேரி சொன்னபோது அவன் யோசிக்கவில்லை. எந்த பஸ்ஸில் கூட்டம் குறைவு என்று மட்டும் சொன்னான்.

அரூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் சேர்ந்தாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நின்று விவரம் சொல்வார்கள், இந்தப் பக்கம் காவேரி அடிப்பாள். வருமானச் சான்று, சாதிச் சான்று, கல்லூரி விண்ணப்பம், வேலைக்கான விண்ணப்பம். கேள்விகளை அவள் அப்படியே வாசிக்க மாட்டாள். "நிரந்தர முகவரி" என்று திரையில் இருந்தால், "சொந்த வூடு எங்கிருக்குதுங்க?" என்று கேட்பாள். ஆட்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

பிறகு ஆளுக்கொரு செல்போன் வந்தது. சென்டருக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் முதலாளி அந்த இடத்தை வளையல் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். அதே கட்டடத்தின் மாடியில் அருள்குமார் என்பவன் இணையப் பக்கங்கள் செய்துகொடுக்கும் தொழில் நடத்திக்கொண்டிருந்தான். பெங்களூரில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊர்ப்பக்கம் திரும்பியவன். காவேரியைவிட வயதில் இளையவன். பள்ளிக்கூடம், பல் மருத்துவமனை, தீர்த்தமலைக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதி என்று சுற்றுவட்டாரத்து வேலைகள் அவனிடம் இருந்தன. தமிழ் வேகமாக அடிக்க ஆள் வேண்டும், மாடிக்கு வந்துவிடுங்கள் அக்கா என்று கூப்பிட்டான். கீழே இருந்து மேலே போனாள், அவ்வளவுதான்.

முதலில் அவன் கொடுக்கிற தாளைப் பார்த்து அடிப்பதோடு சரி. ஒரு நாள் ஒரு பக்கத்தில் தலைப்பு ஓரமாக ஒட்டிக்கொண்டு நிற்பது கண்ணை உறுத்தியது. அருள்குமார் வெளியே போயிருந்தான். அவன் எழுதி வைத்திருந்த வரிகளுக்குள் தேடி ஓர் எண்ணைக் கண்டுபிடித்து மாற்றினாள். திரையில் அந்தத் தலைப்பு அப்படியே தள்ளிப்போய் நின்றது. மறுபடி மாற்றினாள். மறுபடி நகர்ந்தது. அன்று மதியச் சோற்றை அவள் மறந்தேபோனாள். கொஞ்ச மாதங்களில் இணையத்தில் பார்த்தும், அருள்குமாரிடம் கேட்டும், சொந்தமாகக் கெடுத்துச் சரிசெய்தும் அவள் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டாள். விண்ணப்பப் பக்கம் என்றால் அது காவேரியக்காவுக்கு என்று ஆகிவிட்டது.

சித்தேரி மலைப் பெண்களின் வேலை வந்தது அப்போதுதான். சாமையும் தினையும் விளைவிக்கிறவர்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கியிருந்தார்கள். செயலாளர் ராமக்காள், ஐம்பதை ஒட்டிய வயது, கணீரென்ற குரல். மலையில் ஊர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதால், உறுப்பினராகச் சேர ஒவ்வொருத்தியும் ராமக்காள் வீட்டுக்கு நடந்து வந்துபோனால் அரை நாள் வேலை கெட்டுவிடும். வீட்டிலிருந்தபடியே செல்போனில் விவரம் கொடுக்க ஒரு பக்கம் வேண்டும், அதைக்கொண்டு உறுப்பினர் அட்டை அச்சடிக்க வேண்டும் என்று கேட்டாள்.

அந்தப் பக்கத்தை முழுக்க முழுக்கக் காவேரியே செய்தாள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், ஊர், நில அளவு, செல்போன் எண். இடது பக்கம் சொற்களை மேலிருந்து கீழாக ஒரு பத்தியாக அடுக்கினாள். வலது பக்கம் நிரப்ப வேண்டிய பெட்டிகளை இன்னொரு பத்தியாக அடுக்கினாள். நடுவில் புள்ளிகள், ஒரே கோட்டில். தன் கம்ப்யூட்டரில் பார்த்தாள், தன் செல்போனிலும் பார்த்தாள். எந்த வரியும் பிசகவில்லை. அருள்குமார் எட்டிப் பார்த்துவிட்டு, அச்சடித்த தாள் தோற்றுப்போகும் என்றான். பாராட்டுத்தான். அவள் அன்று மாதவராஜுக்கும் அதைத் திறந்து காட்டினாள். அவன் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்குது என்றான். அவன் எதைப் பற்றியும் அதற்குமேல் சொல்கிறவன் இல்லை.

விவரங்கள் வந்து சேர்ந்தன. பட்டியல் நேராக அச்சகத்துக்குப் போனது. பளபளவென்று அட்டைகள் மலைக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகுதான் ராமக்காள் போன் செய்தாள்.

"காவேரி, கார்டு எல்லாருக்கும் குடுத்தாச்சு. பாதிப் பேருக்கு ஊருன்னு போட்ட எடத்துல வூட்டுக்காரரு பேரு இருக்குது. நெலம்னு போட்ட எடத்துல சித்தேரின்னு இருக்குது. இங்க ஒருத்தி சித்தேரி முச்சூடும் எனக்குத்தான்னு சொல்லிக்கிட்டுத் திரியறா."

பின்னால் பல பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. காவேரிக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டியலை எடுத்துப் பார்த்தாள். நில அளவை ஒன்றரை ஏக்கர், கால் காணி என்று அவரவர் வாய்ச்சொல்லிலேயே போடட்டும் என்று அந்தப் பெட்டியில் எழுத்தையும் எண்ணையும் அனுமதித்திருந்தாள். அதனால் ஊர்ப்பெயர் அங்கே தாராளமாக உட்கார்ந்திருந்தது. செல்போன் எண்ணுக்கான பெட்டி மட்டும் பத்து இலக்க எண் தவிர வேறெதையும் வாங்காது. அது ஒன்றுதான் எல்லோருக்கும் சரியாக இருந்தது. நிரப்பினவர்கள் அவசரத்தில் மாற்றி அடித்திருப்பார்கள் என்றான் அருள்குமார். காவேரியும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் பாதிப் பேர் ஒரே மாதிரி தவறுவார்களா? அது அவளை உறங்கவிடவில்லை. இங்கே உட்கார்ந்து யோசித்தால் தெரியாது, மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். அருள்குமார் தன்னுடைய லேப்டாப்பைக் கொடுத்து அனுப்பினான்.

அரூரிலிருந்து சித்தேரி பஸ்ஸில் போனாள். வளைவுகளில் லேப்டாப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ராமக்காள் நிறுத்தத்திலேயே காத்திருந்தாள். சிக்னல் நன்றாகக் கிடைப்பது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பாறையில்தான் என்று அங்கே கூட்டிப்போனாள். அட்டை தவறாக வந்தவர்களில் சிலர் ஏற்கெனவே அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கோபமாக இல்லை. வா பொண்ணு, உன்னாலதான் எங்கூட்டுக்காரரு பேருல ஒரு ஊரே வந்துச்சு என்று ஒருத்தி சொல்ல, காவேரி முகம் சிவந்துபோனாள்.

சித்தேரி முழுவதையும் சொந்தமாக்கிக்கொண்டவள் சாலம்மாள். மெலிந்த உடம்பு, சுறுசுறுப்பான கண். காவேரி அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, இன்னொரு முறை உங்கள் போனிலேயே முதலிலிருந்து நிரப்புங்கள் என்றாள். உதவி செய்யக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கவுண்டரில் இருந்த காலத்துப் பழக்கம், வாய் கேள்வியை விளக்க வந்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் பார்த்தாள்.

சாலம்மாளின் போனில் எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்தன. கண்ணுக்குத் தெரியவில்லை என்று கடைக்காரனிடம் சொல்லிப் பெரிதாக்கி வைத்திருந்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த மற்றவர்களின் போனும் அப்படித்தான். காவேரியின் பக்கம் திறந்தது. "தந்தை அல்லது கணவர் பெயர்" என்று ஒரே வரியில் இருக்க வேண்டியது, இடம் போதாமல் மூன்று வரியாக மடிந்து கிடந்தது. மடிந்த வரிகள் கீழே இருந்த சொற்களையெல்லாம் தள்ளிவிட்டிருந்தன. பெட்டிகளோ தனிப் பத்தி, அவை இருந்த இடத்திலேயே இருந்தன. மடிந்ததில் கடைசியாக நின்ற "பெயர்" என்பதற்கு நேராக ஊருக்கான பெட்டியும், "ஊர்" என்ற சொல்லுக்கு நேராக நில அளவுக்கான பெட்டியும் நின்றன.

சாலம்மாள் "ஊர்" என்ற சொல்லின்மேல் விரலை வைத்தாள். அப்படியே நேராக வலப்பக்கம் இழுத்தாள். எதிரே இருந்த பெட்டியைத் தொட்டு, சித்தேரி என்று பொறுமையாக அடித்தாள். அடித்துவிட்டு, சரிதானே என்பதுபோலக் காவேரியைப் பார்த்தாள்.

"நீங்க சரியாத்தாங்க பண்ணியிருக்கறீங்க அக்கா. நான் வச்சதுதான் கோணலா இருக்குது" என்றாள் காவேரி.

மனசுக்குள் ஏதோ இறுக்கம் விட்டுப்போன மாதிரி இருந்தது அவளுக்கு. தவறு என்னவென்று கண்ணால் பார்த்தாயிற்று. பாறையிலேயே லேப்டாப்பைத் திறந்தாள். சொற்களுக்கு ஒரு பத்தி, பெட்டிகளுக்கு ஒரு பத்தி என்று பிரித்து வைத்ததைக் கலைத்தாள். ஒவ்வொரு சொல்லையும் அதன் பெட்டியோடு ஒரு ஜோடியாகக் கட்டினாள். பிறகு சொல்லைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல், பெட்டியின் தலைமேல் வைத்தாள். நடுவிலிருந்த புள்ளிகளுக்கு வேலை இல்லாமல் போனது. அவற்றை அழிக்கும்போது கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு அழித்தாள். இனி எழுத்து எவ்வளவு பெரிதானாலும், வரி எத்தனையாக மடிந்தாலும், சொல் தன் பெட்டியையும் சேர்த்துத்தான் கீழே தள்ளும். பெட்டி சொல்லை விட்டுப் பிரியாது.

சாலம்மாளிடம் மறுபடி கொடுத்தாள். அவள் தன் பெயரை அடித்தாள். அடுத்த பெட்டிக்கு மேலே இப்போது "தந்தை அல்லது கணவர் பெயர்" என்று தெளிவாக இருந்தது. சாலம்மாள் அதை வாய்விட்டுப் படித்தாள். விரல் நின்றுவிட்டது.

"போன தடவை இது ஒடஞ்சு ஒடஞ்சு கெடந்துச்சா, பேரு கேக்குதுன்னு எங்கம்மா பேரைப் போட்டுட்டேன். பொன்னாயின்னு. இப்பத்தான் தெரியுது அப்பனா புருஷனான்னு கேக்குதுன்னு. எங்கப்பன் நான் பொறக்கறதுக்கு முன்னாலயே எங்கயோ போயிட்டாரு. நான் கட்டிக்கவும் இல்ல. இதுல என்ன போடட்டும்?"

அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. வழி கேட்கிறவள் கேட்பது போலக் கேட்டாள். காவேரியிடம் கவுண்டரிலும் இப்படி ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஒரு கோடு போட்டுவிடுவாள், இல்லையென்றால் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயரைப் போடுவாள். அந்த விண்ணப்பங்களை யாரோ எங்கேயோ செய்திருந்தார்கள். இதைச் செய்தது அவளே. இந்தக் கேள்வியை எங்கிருந்து எடுத்தாள் என்று யோசித்தாள். எங்கிருந்தும் இல்லை. எல்லா விண்ணப்பத்திலும் இருக்கிறது என்று போட்டிருந்தாள்.

இந்தப் பெயர் உங்களுக்கு எதற்கு வேண்டும் என்று ராமக்காளைக் கேட்டாள். ராமக்காள் சாதாரணமாகச் சொன்னாள். இந்த மலையில் சாலம்மாள் மட்டுமே நாலைந்து பேர். எந்தச் சாலம்மாள் என்று தெரிந்தால் போதும். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தியை மலையில் எல்லோரும் புருஷன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், இன்னொருத்தியை அப்பன் பேரைச் சொல்லி. இவளை என்றைக்குமே பொன்னாயி மகள் என்றுதான் சொல்வார்கள்.

அப்படியானால் கேள்வியையே மாற்றிவிடலாம் என்றாள் காவேரி. அருள்குமாருக்குப் போன் போட்டுச் சொன்னாள், ராமக்காளிடமும் பேசச் சொன்னாள். இரண்டு பேருக்கும் மறுப்பு இல்லை. பாறையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்ல, காவேரி அடித்தும் அழித்தும் கடைசியில் இப்படி வைத்தாள்: "அம்மா, அப்பா, கணவர் – இவர்களில் யாராவது ஒருவரின் பெயர்." பழைய இடத்தில் இவ்வளவு நீளமான வரியை வைத்திருக்கவே முடியாது. புள்ளிக்கு இடதுபுறம் இருக்கும் அந்த ஒடுக்கமான சந்தில் அது ஏழெட்டாக நொறுங்கியிருக்கும். இப்போது திரையின் அகலம் முழுவதும் அதற்குச் சொந்தம். பெரிய எழுத்திலும் இரண்டு வரியில் அடங்கிவிட்டது.

சாலம்மாள் படித்தாள். பொன்னாயி என்று அடித்தாள். பிறகு மளமளவென்று ஊர், நிலம், எண் எல்லாம் முடித்து அனுப்பிவிட்டு, அடுத்தவள் கையிலிருந்த போனை வாங்கி அவளுக்கும் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள். ராமக்காள் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் ஆக்கியிருந்தார்கள். காவேரி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் அருள்குமார் புதிய பக்கத்தைத் தன் போனில் திறந்து வெகுநேரம் பார்த்தான். பக்கம் நீண்டுவிட்டதே என்பதுதான் அவன் முதலில் சொன்னது. தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது, பாதியில் சலித்துவிடுவார்களோ என்றான். மலையில் யாரும் சலிக்கவில்லை என்றாள் காவேரி. அதை அவன் ஒத்துக்கொண்டான். பிறகு திரையின் நடுவில் விரல் வைத்துக் காட்டினான்.

"அக்கா, இந்த ஊர்ங்கிறது மேல இருக்கிற பெட்டிக்கா, கீழ இருக்கிற பெட்டிக்கா?"

காவேரி குனிந்து பார்த்தாள். சொல்லுக்கு மேலே எவ்வளவு இடைவெளியோ அவ்வளவே கீழேயும் விட்டிருந்தாள். எல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்ற அதே பழக்கம். வேகமாகத் தள்ளிக்கொண்டு வருகிறவருக்கு அது எந்தப் பெட்டியின் சொல் என்று சந்தேகம் வரத்தான் செய்யும். தப்பித்தோம் என்று சொல்லிவிட்டு, சொல்லை அதன் பெட்டியோடு நெருக்கி, மேலே இருக்கும் பெட்டியிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்தாள். இருவரும் போனைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்கள். சொல்லும் பெட்டியுமாக, தனித்தனிக் குடும்பங்கள் மாதிரி நின்றன. பக்கத்தின் தோற்றத்தில் பழைய அழகு இல்லைதான். ஆனால் எதை எங்கே எழுதுவது என்று கேட்க வேண்டியதில்லை.

அதன்பிறகு அந்த வாரம் முழுக்க அவர்களுக்கு வேறு வேலை ஓடவில்லை. பள்ளிக்கூடம், பல் மருத்துவமனை, தீர்த்தமலை விடுதி என்று ஏற்கெனவே செய்துகொடுத்த பக்கங்களையெல்லாம் எடுத்து, போனில் எழுத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். விடுதிப் பக்கத்தில் வரும் தேதியும் போகும் தேதியும் இடம் மாறிக் கிடந்தன. வந்தவர்கள் ஏன் அடிக்கடி தேதியில் சண்டை போட்டார்கள் என்று விடுதிக்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் சிரித்துக்கொண்டே, நான் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன் என்றார்.

தவறாக வந்தவர்கள் மறுபடி நிரப்பியதைக்கொண்டு மலைக்குப் புது அட்டைகள் போயின. காவேரி போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு நாள், இரண்டு நாள், எந்தத் தகவலும் இல்லை. பொறுக்கமாட்டாமல் அவளே ராமக்காளைக் கூப்பிட்டாள். ராமக்காள் களத்தில் இருந்தாள். காற்றும் பேச்சுமாக ஒரே இரைச்சல். அட்டையா, அது அன்றைக்கே கொடுத்தாயிற்று, எல்லோரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள். தவறு ஏதும் இல்லையா என்று காவேரி கேட்டாள். இருந்தால் நான் கூப்பிட்டிருக்க மாட்டேனா என்றாள் ராமக்காள். சாமை அடிக்கிற நேரத்தில் இதற்காகவா போன் பண்ணினாய் என்று கேட்காத குறை. காவேரிக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தேவைப்படவில்லை.

இப்போது கூட்டமைப்பில் வருஷா வருஷம் அந்தப் பக்கத்தின் வழியாகத்தான் புது உறுப்பினர்கள் சேர்கிறார்கள். காவேரி புதிதாக எந்த விண்ணப்பம் செய்தாலும், முடிப்பதற்கு முன்பு கீழே வளையல் கடைக்கு இறங்கிப்போய், அங்கே நிற்கிற யாரிடமாவது கொடுத்து நிரப்பச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். பேசாமல் நிற்பது அவளுக்கு இன்னும் கொஞ்சம் கஷ்டம்தான்.

சில நாட்கள் சாயங்காலம் மாதவராஜ் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் அரூரில் வண்டியை நிறுத்துவான். அவள் முன்னால் ஏறி உட்கார்ந்துகொள்வாள். சமீபத்தில் ஒரு நாள், வண்டி ஊரைத் தாண்டியதும், எனக்கும் ஒரு பக்கம் பண்ணிக்கொடு என்றான் அவன். வண்டி வேண்டுமென்கிறவர்கள் போனில் மணிக்கணக்காகக் கதை சொல்கிறார்களாம், வண்டி ஓட்ட முடியவில்லையாம்.

"என்னென்ன கேக்கணும், சொல்லுங்க" என்றாள் காவேரி.

அவன் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினான். "எங்கிருந்து, எங்க, என்ன லோடு, போன் நம்பரு. அவ்வளவுதான்."

"பேரு வேண்டாங்களா?"

"பேரு எதுக்கு? மரவள்ளிக்காரரு, மஞ்சக்காரருன்னுதான் எனக்கு ஞாபகம் இருக்கும்."

நாலு பெட்டிதானே, நாளைக்கு மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்றாள். எதிரே மொரப்பூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. அவன் இஞ்சினை அணைத்தான். ரயில் போகும்வரை, முதலில் எங்கிருந்து என்று கேட்பதா, என்ன லோடு என்று கேட்பதா என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.